மூலை ஷீட்டில் மூன்று நிமிடம்

1. வேலையில் சேர்ந்த நாள்

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்த முதல் நாள், பெர்சனெல் மேனேஜர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. லீவு ரிஜிஸ்தரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே புலம்பினார். ஸ்டிச்சிங் லைனில் பாதிப் பெண்களுக்கு இடுப்பு வலியாம், ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வரும்போதெல்லாம் அதைப் பற்றியே கேட்கிறானாம்.

"மாத்திர குடுத்து மாளல மேடம். எதுனா எக்சர்சைஸ் சொல்லிக் குடுங்க. செலவு மட்டும் ஜாஸ்தி ஆகக் கூடாது," என்றார்.

தொண்ணூறுகள் முழுக்க வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள் நான். இடுப்பு வலிக்கு மருந்து வயிற்றில் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். எனக்கே ஏதாவது கோளாறோ என்பது போலப் பார்த்தார். வயிற்றைச் சுற்றியுள்ள தசைகள் உறுதியாக இருந்தால் முதுகெலும்புக்கு பெல்ட் கட்டின மாதிரி. அவை தளர்ந்து போனால் எட்டு மணி நேரம் மெஷினில் குனிகிற பாரமெல்லாம் இடுப்பில் போய் விழும். அப்போது சினிமா ஹீரோக்கள் சட்டையைக் கழற்றி சிக்ஸ் பேக் வயிற்றைக் காட்ட ஆரம்பித்திருக்கவில்லை. அதனால் எங்கள் பெண்களுக்கு வேண்டியதெல்லாம் வலி இல்லாத இடுப்பும், இரண்டு பிரசவத்துக்குப் பிறகு கொஞ்சம் உள்ளே போன தொப்பையும்தான்.

இடம் கேட்டேன். காம்பவுண்டின் பின்பக்கம் இருந்த பழைய குடோனைக் கொடுத்தார்கள். கம்பெனி வருவதற்கு முன் அந்த இடம் தோல் பதனிடும் டேனரியாக இருந்தது. பச்சைத் தோல் அடுக்கிய காலத்து உப்பு இன்னும் சுவரில் பூத்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். தரை மட்டும் நல்ல சிமெண்டுத் தரை. சோல் செக்‌ஷனில் மிச்சமான ஃபோம் ஷீட்டுகளை வெட்டி விரித்து, இருபது பெண்களோடு ஆரம்பித்தேன். காலை ஏழேகாலுக்கு வகுப்பு, எட்டுக்கு ஷிஃப்ட்.

முதலில் படுத்தபடி தலையையும் தோளையும் தூக்கும் கிரஞ்ச் இருபது, அப்புறம் காலை நீட்டித் தூக்கும் லெக் ரெய்ஸ் பதினைந்து, பிறகு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ். கடைசியில் பிளாங்க், அதாவது முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராக நிறுத்துவது. பார்க்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். முப்பது விநாடி தாண்டினால் வயிறு உதறும், தொடை உதறும், அதுவரை வாய்க்கு வராத வார்த்தையெல்லாம் வரும்.

2. பின்வரிசையில் குரல் குறைந்தது

கிரஞ்ச் செய்யும்போது மூச்சை அடக்கக் கூடாது. அதற்காக எல்லோரையும் உரக்க எண்ணச் சொல்வது என் வழக்கம். நான் வாசல் பக்கம் ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். இருபது பேர் எண்ணினால் குடோனே அதிரும்.

இரண்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, எண்ணிக்கை பத்தைத் தாண்டும்போது பின்மூலையில் சத்தம் கம்மியாவதைக் கவனித்தேன். வாய்கள் அசைந்தன, குரல் வரவில்லை. சோம்பல் என்று நினைத்து விசில் ஊதினேன். அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே ஆனது. செவ்வாய், புதன் எல்லாம் சரியாக இருந்தது. திங்கட்கிழமை மட்டும் அந்தப் பக்கத்துப் பெண்கள் தலை கனக்கிறது, கண் எரிகிறது என்றார்கள். நசீமா என்ற டெய்லர், யாரோ தரைக்கு அடியிலிருந்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொல்லி அழுதாள். இரண்டு பெண்களின் கொலுசு கறுத்துப் போயிருந்தது. போன மாதம்தான் பாலிஷ் போட்டது என்று காட்டினார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ரிஜிஸ்தரில் "காலை உணவு உண்ணவில்லை, ரத்தசோகை" என்று எழுதி, ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை அலுத்துப் போய் வருகிறார்கள் என்று திட்டவும் செய்தேன்.

பெண்கள் என்னிடம் வாதாடவில்லை. தினம் ஒரு அடி, அரை அடியாகத் தங்கள் ஷீட்டை முன்னால் இழுத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் பத்தொன்பது பேர் வாசல் பக்கம் நெருக்கியடித்துப் படுத்தார்கள். பின்மூலையில் ஒரே ஒரு ஷீட் மிஞ்சியது. அது தேவகியுடையது.

3. தேவகி

தேவகி பேஸ்டிங் டேபிளில் பசை தடவுகிறவள். முப்பது வயதிருக்கும். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். ஆரம்பத்தில் பிளாங்கில் அவளும் மற்றவர்கள் மாதிரி இருபது விநாடியில் குப்புற விழுந்தவள்தான். மூன்றாவது மாதத்தில் ஒரு நிமிடம் நின்றாள். அப்புறம் இரண்டு நிமிடம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயப் பிள்ளைகளைத் தயார் செய்தவள் நான், அவர்களில் ஒருத்திகூட அப்படி நின்றதில்லை. நேரம் கூடக் கூட உடம்பு உதற வேண்டும். தேவகிக்கு உதறவில்லை. முகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும், உதடு மட்டும் மெல்ல அசையும். விநாடியை எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. தேவகியைப் பாருங்கள், தேவகியைப் பாருங்கள் என்று தினமும் சொன்னேன். மற்ற பெண்கள் தேவகியைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருநாள் கேண்டீனில் நசீமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த மூலையில தொட்டி இருந்துச்சு டீச்சர், டேனரி காலத்துல. கிளீன் பண்ண எறங்குன தேவகி ஊட்டுக்காரரு உள்ளயே செத்துப்போய்ட்டாரு. அதுக்குத்தான் அவளுக்கு இங்க வேல குடுத்தாங்க. அவ எக்சர்சைஸ் பண்ண வர்ல டீச்சர். அவரோட பேச வர்றா."

நான் ஜெபம் பண்ணுகிற குடும்பத்தில் பிறந்தவள், பேய் பிசாசு பேச்சை வீட்டு வாசலில் விடாதவள். இருந்தாலும் நேராக மேனேஜரிடம் போய் வேறு இடம் கேட்டேன். காரணம் கேட்டார், திக்கித் திணறிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"பேய் இருக்குதுன்னு பையருக்கு லெட்டர் போடட்டுமா மேடம்?"

வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டேன். பேய் உண்டா இல்லையா என்று எல்லோரும் மனதுக்குள் மல்லுக்கட்டினோமே தவிர, அந்தத் தொட்டி என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

4. மழை பெய்த வாரம்

ஐப்பசி மாதம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாத மழை. திங்கள் காலை குடோன் கதவைத் திறந்தபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. நாற்றம் அடிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர்க் காற்றிலேயே அழுகின முட்டை வாடை உண்டு. பஸ்ஸில் வருகிற வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தினால் நாங்கள் சிரிப்போம்.

அன்றைக்கு பிளாங்கில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். தேவகி நின்றாள். இரண்டரை நிமிடம் ஆனதும் எனக்கு ஆவல் தாங்கவில்லை. வாட்சைப் பார்த்தபடியே அவள் பக்கம் நடந்தேன். நாலடி தூரத்தில் நின்றபோது அவள் குரல் கேட்டது. அவள் விநாடியை எண்ணவில்லை. தரையைப் பார்த்துச் சிரித்த முகமாக, பக்கத்து அறையில் இருக்கிறவரிடம் சொல்வது போலச் சொன்னாள்:

"இரு, வந்துட்றேன்."

என்னையறியாமல் ஓரடி பின்வாங்கினேன். ஆனாலும் பழக்கம் விடவில்லை. மூன்று நிமிடம் ஆனதும் விசில் ஊதினேன். பெண்கள் கைதட்டினார்கள். தேவகி மெல்ல இறங்கிக் குப்புறப் படுத்தாள். களைப்பாறட்டும் என்று முன்னால் வந்து மற்றவர்களுக்கு இன்னொரு சுற்று பிரிட்ஜ் சொல்லிக் கொடுத்தேன். இருபது எண்ணி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் அப்படியே கிடந்தாள்.

ஓடிப்போய் மண்டியிட்டுக் குனிந்தேன். அந்தக் குடோனில் என் முகம் தரைக்குப் பக்கத்தில் போனது அதுதான் முதல் தடவை. அழுகின முட்டை வாடை முகத்தில் அறைந்தது. அடுத்த மூச்சில் வாடையே இல்லை. கண் எரிந்தது, தலை சுற்றியது. யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நசீமா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினாள். இன்னும் இரண்டு பெண்கள் ஓடிவர, நாலு பேருமாகத் தேவகியை ஷீட்டோடு சேர்த்து வாசலுக்கு இழுத்தோம். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. வராண்டாவில் போட்டு வாயோடு வாய் வைத்து ஊதினேன். கம்பெனி வேன் வருவதற்குள் ஒரு தடவை இருமினாள்.

கழிவுநீர் பிளாண்டைப் பார்த்துக்கொள்ளும் குமரேசன் கூட்டத்தைப் பார்த்து ஓடிவந்தார். தேவகியைப் பார்த்தார். அப்புறம் நின்றிருந்த பெண்களின் கால்களைப் பார்த்தார்.

"கேஸ் மேடம். வெள்ளி இப்டிக் கறுத்தா கழிவு அழுகுற கேஸ்தான். கனமான காத்து, தரையோட தரையா நிக்கும். மூக்க மரத்துப்போவ வெச்சிடும், வாடையே தெரியாது. நீங்க நின்னுகினே இருந்தீங்க, அதான் உங்களுக்கு ஒண்ணும் ஆவல."

பிற்பாடு மூலையை உடைத்துப் பார்த்தார்கள். தொட்டியைத் தூர்க்காமல், பழைய கழிவோடு அப்படியே கல்பலகை போட்டு சிமெண்டு பூசியிருந்தார்கள். பூச்சில் மயிரிழை விரிசல். மழைத் தண்ணீர் உள்ளே ஏற ஏற, காற்று அந்த வழியாக வெளியே வந்திருக்கிறது. சனிக்கிழமை பூட்டின குடோன் திங்கட்கிழமைதான் திறக்கும் என்பதால் திங்கட்கிழமைக் கணக்கும் புரிந்தது. பையருக்கு லெட்டர் போடுகிறேன் என்று மேனேஜர் அப்புறம் ஒரு தடவைகூடக் கிண்டல் பேசவில்லை.

5. ஆஸ்பத்திரியில்

மூன்றாம் நாள் தேவகி பேசினாள். நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அவரு போனதும் இதே கேஸ்லதானா டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அவரு துடிச்சிருக்க மாட்டாரு," என்றாள். "வலி இல்ல டீச்சர். கூப்புட்ற மாதிரி இருக்கும், அவ்ளோதான்."

இத்தனை வருடம் அவள் மனதில் கிடந்த கேள்வி அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"நீங்களும் குனிஞ்சீங்களாமே. உங்களுக்கு யாரு கொரலாச்சும் கேட்டுச்சா?"

கேட்டது. செத்துப்போன என் அண்ணன் குரல். வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மூளைக்குக் காற்று போகாததால் வரும் குழப்பம் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் கேட்டது என்று தேவகியிடம் சொன்னால், என்றைக்காவது ஒருநாள் பூட்டை உடைத்தாவது அவள் அந்த மூலைக்குப் போவாள் என்று தோன்றியது.

"ஒண்ணும் கேக்கல தேவகி," என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றைக்கு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தேன்.

6. கேண்டீன் ஷெட்டில்

குடோனை இடித்துவிட்டார்கள். நாலு பக்கமும் திறந்த கேண்டீன் ஷெட்டுக்கு வகுப்பு மாறியது. இரண்டு மாதம் கழித்து தேவகி ஷீட்டோடு வந்தாள். நடுவில், நசீமாவுக்குப் பக்கத்தில் விரித்தாள். பிளாங்கில் பதினைந்தாவது விநாடி வயிறு உதறியது, இருபதில் தோள் உதறியது. இருபத்திரண்டில் பொத்தென்று விழுந்து, "அய்யோ, முடியல டீச்சர்," என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்தக் காற்றில் தசை சோர்ந்துதான் போகும், மூன்று நிமிடம் நிற்க வழியே இல்லை என்றார் டாக்டர். குமரேசனும் அதையே சொன்னார். ஆனால் என் ஸ்டாப்வாட்ச் மூன்று நிமிடம் காட்டியது. அதற்கு இன்று வரை என்னிடம் விளக்கம் இல்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யாரையும் தரையில் படுக்கச் சொல்வதற்கு முன் நீங்கள் ஒரு தடவை முகத்தைத் தரையில் வைத்துப் படுத்துப் பாருங்கள். வகுப்பில் உடம்பு உதறுகிறவளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். கொஞ்சம்கூட உதறாமல் நிற்கிறவளைக் கண்டால் வாட்சைப் பையில் போட்டுவிட்டு, பக்கத்தில் போய்க் குனிந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.