பிரிப்பதற்கென்றே தைத்தவை

தையல்காரம்மா போட்ட தையல் என்றால் துணி கிழியுமே தவிர தையல் விடாது என்று தெருவே சொல்லும். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான். அடுத்த கடைக்காரரின் கோணல் தையலைப் பற்றி ஆரம்பித்தால் வாய் ஓயாது. அப்படிப்பட்டவள் நாலு மாதமாக வேண்டுமென்றே தப்பும் தவறுமாகத் தைத்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

எல்லாம் மகளுக்காக. பதினாறு வயது. பரீட்சை என்று காதில் விழுந்தாலே கை சில்லிட்டுவிடும், மூச்சு வாங்கும், சாப்பாடு இறங்காது. இந்த வயதில் உனக்கென்ன கவலை என்று கேட்டுவிட்டு அப்பா வேலைக்குக் கிளம்பிவிடுவார். மனுஷனுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

ஒரு மாதிரித் தேர்வுக்கு முந்தின சாயங்காலம், வீட்டு முன்னறையில் இருந்த கடையில், பிரிக்க வந்த சட்டை ஒன்றை மகள் தானாகவே மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குட்டிக் கத்திரியால் ஒவ்வொரு தையலாக வெட்டி நூலை உருவினாள். முடித்தபோது மூச்சு சீராகியிருந்தது. மறுநாள் பள்ளிக்கும் போனாள்.

அம்மாவுக்கு அது போதாதா? டாக்டரிடம் காட்டச் சொன்ன டீச்சரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெட்டுத் துணிகளைக் கன்னாபின்னாவென்று சேர்த்துத் தைத்து மகள் மடியில் போட்டாள். முதலில் ஒன்று போதுமாக இருந்தது. பிறகு மூன்று, பிறகு பத்து. மகள் புத்தகத்தைத் தொடுவதே நின்றுபோயிற்று. பெண் அமைதியாக இருக்கிறாளே என்று பாவி மனசு அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டது.

கணக்குப் பரீட்சையன்று காலை எழுப்பப் போனாள். மகள் குளித்துத் தலைவாரி, வீட்டு உடையில் உட்கார்ந்திருந்தாள். கட்டில்மேல் அவளுடைய ஒரே சீருடை. கை தனி, காலர் தனி, முதுகு தனி. துணியில் ஒரு கீறல் இல்லாமல் பிரித்து, மடித்து அடுக்கியிருந்தாள்.

அம்மா தையல்காரி இல்லையா? மணி ஏழு, எட்டரைக்குள் முடித்துவிடலாம் என்று துண்டுகளை வாரிக்கொண்டு மெஷினுக்கு ஓடினாள். ஒரு கை மட்டும் பாக்கி இருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை.

"தைக்காதம்மா. நீ முடிச்சதும் நான் மறுபடியும் பிரிச்சிடுவேன். என்னால நிறுத்த முடியலம்மா."

அம்மாவின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. மகளின் கையில் குட்டிக் கத்திரி இருந்தது. மழுங்கிவிட்டது என்று போன வாரம் சாணை பிடித்துக் கொடுத்தவளே அம்மாதான்.