பிடித்தவர்களின் கொடி

கர்நாடகத்தில் இன்று பந்த். பெங்களூருக்கு டிக்கெட் கொடுத்த கண்டக்டரே எங்களை ஜூஜூவாடியில் இறக்கிவிட்டு, எல்லையை நடந்தே தாண்டச் சொல்கிறார். "பேப்பர்லயே போட்டிருந்தாங்களே சார், பாக்கலையா?" என்று தப்பை என் தலையில் கட்டுகிறார். எரிச்சலோடு ஒரு டீக்கடையில் ஒதுங்குகிறேன்.

பெஞ்சில் ஓசூரில் படிக்கும் சோமாலிய மாணவன் ஒருவன் செல்போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறான். இரண்டு அரசுகள் தமதென்று அடித்துக்கொள்ளும் லாஸ் அனோட் அவன் ஊராம். அதை இப்போது ஒரு படை பிடித்துவிட்டதாம். அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். போன் போகவில்லை.

டீ போடும் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. தமிழ்நாட்டு லாரிக்காரர் ஒருவர் எல்லை தாண்டுவதற்காக வண்டி முகப்பில் மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடியைக் கட்டுவதை அவனுக்குக் காட்டுகிறாள்.

"எத்தன தடவதான் போடுவ? கெடச்சா ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஊரப் புடிச்சவன் கொடிய வூட்டு மேல கட்டிக்கச் சொல்லு. எவனும் தொடமாட்டான். இங்க நாங்க அப்படித்தான் பண்றோம்."

"நாங்களும் அப்படித்தான் அக்கா," என்கிறான், விடுதியில் கற்ற தமிழில். "கூரை மேல கொடி இருக்கு."

"அப்புறம் என்னத்துக்கு இந்தப் பதட்டம்?"

"அது போன தடவ புடிச்சவங்க கொடி. இங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் கட்டினேன். அம்மாவால ஏணி ஏற முடியாது."

மறுபடியும் போனைக் காதில் வைக்கிறான்.