வலது பக்கம் திரும்பாத வண்டி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஈஸ்டர் விடியக்காலை. இடம், பெங்களூர்ல நாங்க குடியிருக்கிற காக்ஸ் டவுன். மணி நாலரை கூட ஆகலை. ராத்திரி மழை பெய்ஞ்சு ரோடெல்லாம் பளபளன்னு இருந்தது. புங்கமரத்துப் பூ அது மேல பொரி கொட்டின மாதிரி உதிர்ந்து கிடந்தது. அந்த ரோட்ல நான் தனியா பைக் ஓட்டிட்டுப் போறேன். இடது பக்கமா மட்டும் திரும்பித் திரும்பி.

அதென்ன இடது பக்கமா மட்டும்னு கேப்பீங்க. சொல்றேன், சிரிக்கக் கூடாது.

என் தம்பிக்கு மஸ்கட்ல வேலை கிடைச்சப்போ அவனோட பைக்கை எங்க வீட்டு வாசல்ல நிறுத்திட்டுப் போயிட்டான். "ஓட்டினா ஓட்டுக்கா, இல்லைன்னா வித்துடு"ன்னான். எனக்கு அப்போ முப்பத்தெட்டு வயசு. சைக்கிளைத் தவிர வேற எதையும் ஓட்டினதில்லை. "உனக்கெதுக்கு பைக்கு? ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கோயேன்"னு என் வீட்டுக்காரர்ல ஆரம்பிச்சு ஆபீஸ் வாட்ச்மேன் வரைக்கும் புத்தி சொன்னாங்க. அப்படிச் சொன்னதாலேயே எனக்கு வீம்பு ஏறிடுச்சு. கிளட்சை விடத் தெரியாம குதிச்சு, சைலன்சர்ல கால் சுட்டு, எப்படியோ எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிட்டேன். எட்டுல வலது வளைவும் இருக்குமேன்னு கேக்காதீங்க. அங்க எதிர்ல லாரி வராது.

ரோட்ல வந்துச்சு. முதல் வாரமே மானம் போச்சு. ஒரு சிக்னல்ல வலது பக்கம் திரும்பறப்போ நட்டநடு ரோட்ல வண்டி ஆஃப் ஆயிடுச்சு. முன்னாடி தண்ணி லாரி, பின்னாடி பஸ். தமிழ், கன்னடம், உருதுன்னு எல்லா பாஷையிலயும் திட்டு விழுது. நான் ஸ்டார்ட் பட்டனை அழுத்தறேன், அழுத்தறேன், அது இருமுதே தவிர கிளம்பலை. யாரோ ரெண்டு பேர் இறங்கி வந்து வண்டியைத் தள்ளி ஓரமா விட்டாங்க. ஒரு ஆட்டோக்காரர் மட்டும் "நோடுகொண்டு ஹோகம்மா"ன்னு, பார்த்துப் போம்மான்னு, ரொம்பப் பொறுமையா சொல்லிட்டுப் போனார். திட்டினவங்களை விட அவர்தான் என்னை அழ வெச்சார்.

அன்னிக்கு முடிவு பண்ணினேன், செத்தாலும் இனிமே வலது பக்கம் திரும்பறதில்லை.

முடியுமான்னு கேப்பீங்க. முடியும்ங்க, நான் ஆறு மாசம் ஓட்டியிருக்கேன். வலது பக்கம் போகணுமா, அந்தத் திருப்பத்தை விட்டுட்டு நேரா தாண்டிப் போயிடணும். அப்புறம் ஒரு இடது, இன்னொரு இடது, மூணாவது இடது. போக வேண்டிய திசையிலேயே நேரா வந்து நிப்பீங்க. ரோட்டைக் குறுக்க கடந்தா போதும். இருபது நிமிஷத்துல போற ஆபீசுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். யாருக்கும் சொல்லலை. சொன்னா விடுவாங்களா? பேரே வெச்சிருப்பாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த மூணு இடதுல நான் பாத்த பெங்களூரை அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்லை. பொறந்ததுலேர்ந்து இருக்கிற ஊருதான். ஆனாலும் இந்தச் சந்துகளுக்குள்ள நுழைஞ்சதே கிடையாது. ஓடு போட்ட பழைய வீடு, கேட்டு மேல சாய்ஞ்சு கிடக்கிற காகிதப்பூ, மதில் மேல தூங்கற பூனை, எந்த வீட்லேர்ந்தோ யாரோ பியானோ பழகற சத்தம். வண்டி மெதுவா போகும், நானும் கனவுல நடக்கிற மாதிரி போவேன். எங்கே போறேங்கிறதே சில நாள் மறந்து போகும். பயத்துக்குள்ள இப்படி ஒரு சுகம் இருக்கும்னு யார் கண்டா!

சரி, ஈஸ்டருக்கு வர்றேன். எங்க சபையில விடியக்காலை ஆராதனைக்கு ஒரு வழக்கம் உண்டு. சர்ச் முழுக்க இருட்டா வெச்சிருப்பாங்க. ஜனங்க எல்லாரும் ஏத்தாத மெழுகுவர்த்தியைக் கையில பிடிச்சுக்கிட்டு பேசாம நிப்பாங்க. கொயர்ல கீபோர்டு வாசிக்கிறவங்க முதல் நாதத்தை எழுப்புவாங்க. அது எழும்பினதும் எல்லா விளக்கையும் ஒரே நேரத்துல போடுவாங்க, நாங்க பாட ஆரம்பிப்போம். வருஷா வருஷம் கேக்கிறதுதான், ஆனாலும் வருஷா வருஷம் எனக்குப் புல்லரிக்கும். நான் கொயர்ல ஆல்டோ, அதாவது பொம்பளைங்கள்ல கீழ்க்குரல், பாடறவ. கீபோர்டு வாசிக்கிறது என்னை விட ரெண்டு வயசு பெரியவங்களான ஒரு அக்கா. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனா எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை கம்மி. பிராக்டீஸ்ல கண்ணாலேயே மிரட்டுவாங்க. "ஆல்டோ சுருதி இறங்குது, ஆல்டோ இறங்குது"ன்னு அவங்க சொல்றப்போ எல்லாம் என்னைத்தான் பாப்பாங்க.

அன்னிக்கு நான் சுத்திப் போகணுமேன்னு சீக்கிரமே கிளம்பியிருந்தேன். அவங்க தெரு வழியா திரும்பினா, கேட்டுக்கு வெளியில வெள்ளைப் பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகைப்பூவுமா அந்த அக்கா நிக்கிறாங்க. போன் வெளிச்சம் முகத்துல அடிக்குது. முகம் செத்துப் போயிருக்கு. புக் பண்ணின ஆட்டோ வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு கேன்சல் பண்ணிட்டானாம். அடுத்ததும் அதே கதை. வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். கொயர்ல மத்தவங்க எல்லாரும் முன்னாடியே போயாச்சு, சர்ச்சுக்குள்ள யாரும் போனை எடுக்க மாட்டேங்கறாங்க. நடந்து போகலாம்னா அவங்களுக்குக் கணுக்கால்ல பிளேட் வெச்சிருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி மழையில பைக் சறுக்கி விழுந்தது. அதுலேர்ந்து அவங்க டூவீலர்ல ஏறினதே இல்லைன்னு கொயர்ல எல்லாருக்கும் தெரியும்.

என் வாய் இருக்கே, சும்மாவே இருக்காது. "ஏறுங்கக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்"னுட்டேன்.

சொன்னப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. என் பின்னாடி அதுவரைக்கும் ஒரு ஆள் உக்காந்ததில்லை. என் பொண்ணைக் கூட ஏத்தினதில்லை. அவங்க மறுத்துடுவாங்கன்னு ஒரு நம்பிக்கையிலதான் சொன்னேன்னு கூட வெச்சுக்கலாம். அவங்க ஈர ரோட்டைப் பாத்தாங்க, வண்டியைப் பாத்தாங்க, போன்ல மணியைப் பாத்தாங்க. "நான் போகலைன்னா லைட் போட மாட்டாங்கல்ல?"ன்னு யாரையோ கேக்கிற மாதிரி கேட்டாங்க. அப்புறம் வண்டியில தொங்கிக்கிட்டிருந்த என் தம்பியோட பழைய ஹெல்மெட்டை வாங்கி மல்லிகைப்பூ மேலயே அமுக்கிக்கிட்டு, ஒருக்களிச்சு உக்காந்து, என் இடுப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சாங்க. பிடின்னா பிடி, எனக்கு மூச்சு முட்டிடுச்சு.

வண்டி நகர்ந்துச்சு. பின்னாடி பாரம் இருந்தா வண்டி வேற வண்டியா மாறிடுதுங்க. ஒவ்வொரு பள்ளத்துலயும் அவங்க உடம்பு விறைக்கிறது எனக்குத் தெரியுது. பேக்கரி ஒண்ணு உண்டு அந்த ரோட்ல. ஷட்டர் பாதி தூக்கியிருக்க, அடுப்புலேர்ந்து எடுத்த பன் வாசனை தெரு முழுக்கக் கமகமன்னு வந்துச்சு. அதைத் தாண்டி கொஞ்ச தூரத்துல சர்ச்சுக்கு வலது பக்கம் திரும்பணும். நான் வழக்கம் போல நேரா தாண்டிப் போயிட்டேன். இடது. இன்னொரு இடது. மூணாவது இடதுக்குப் போனா, அந்தச் சந்து முழுக்கத் தோண்டிப் போட்டிருக்காங்க! பைப் போடறாங்களாம். மலை மாதிரி மண்ணு, குறுக்க தடுப்பு. முந்தாநாள் சாயந்திரம் கூட நல்லா இருந்த சந்து. நம்ம ஊரைப் பத்தித் தெரியாதா, ராத்திரியோட ராத்திரியா தோண்டிடுவாங்க.

அடுத்த சந்துல இடது திரும்பினேன். அது பேக்கரி ரோட்லயே வந்து முட்டுது, எதிர்ல பெரிய மதில். மறுபடியும் இடது. மறுபடியும் பன் வாசனை. அந்தத் திருப்பம் கிட்ட வந்ததும், இந்தத் தடவை எடுத்துடலாம்னு நினைச்சேன். எதிர்ல ரொம்ப தூரத்துல ஒரு ஹெட்லைட் தெரிஞ்சது. அவ்வளவுதான், நேரா போயிட்டேன். வேற சந்து இருக்கான்னு தேடினேன், இல்லை. இன்னொரு சுத்து. மூணாவது தடவையா பேக்கரி வந்தப்போ, முதுகுக்குப் பின்னாடிலேர்ந்து குரல் வந்துச்சு.

"ஏம்மா, இந்த ரோட்ல எத்தனை பேக்கரி இருக்கு?"

"ஒண்ணுதான்க்கா."

"மூணு தடவை பன் வாசனை வந்துச்சே?"

வண்டியை ஓரம் கட்டிட்டேன். திரும்பிப் பாக்கத் தைரியம் இல்லை. முன்னாடி பாத்துக்கிட்டே சொன்னேன். "அக்கா, எனக்கு ரைட் எடுக்க வராது."

"என்னது?"

"வராதுக்கா. லெஃப்ட் மட்டும்தான்."

"ஆறு மாசமா பிராக்டீசுக்கு இதுலதானே ஜம்முனு வந்து இறங்கற! உன்னைப் பாத்து எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

"எல்லாம் லெஃப்ட்லயே வந்ததுக்கா."

போச்சு, இறங்கி நொண்டிக்கிட்டே நடக்கப் போறாங்கன்னு நினைச்சேன். எனக்குக் கண்ல தண்ணி வந்துடுச்சு. அங்க ஒரு சர்ச்சே இருட்டுல நிக்குது, இங்க நான் இவங்களை பேக்கரியைச் சுத்திச் சுத்திக் கூட்டிட்டு வர்றேன். அப்படி ஒரு அவமானம். திடீர்னு ஒண்ணு உறைச்சது. "ஏன்க்கா, சுத்தினதையே நீங்க பாக்கலையா?"ன்னு கேட்டேன்.

"கண்ணைத் திறந்தாதானே பாக்க. ஏறினதுலேர்ந்து மூடிட்டுத்தான் வர்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவங்களுக்கும் வந்துச்சு. என் முதுகுல ஹெல்மெட் இடிச்சு இடிச்சு அவங்க சிரிக்கிறாங்க. கண்ணாலேயே மிரட்டற அந்த அக்கா! பேக்கரிக்காரர் எட்டிப் பாத்துட்டுப் போனார். சிரிச்சு ஓய்ஞ்சதும், பிராக்டீஸ்ல பேசற அதே கறார் குரல்ல சொன்னாங்க.

"சரி. நான் கண்ணைத் திறக்கிறேன். நீ ரைட் எடு."

"அக்கா..."

"நான் திறந்துட்டேன். இனிமே மூட மாட்டேன். உன் பாடு."

அந்தத் திருப்பத்தைப் பத்தி இன்னிக்கு நினைச்சாலும் அது நடந்ததா, கனவு கண்டேனான்னு இருக்கும். இண்டிகேட்டர் போட்டேன். ஈர ரோட்ல அந்த மஞ்சள் வெளிச்சம் விட்டு விட்டு எரியுது. நடு ரோட்டுக்கு வந்து காலை ஊன்றி நின்னேன். எதிர்ல ஒரு பால் வண்டி வந்துச்சு. அது வர்றதுக்கு ஒரு யுகம் ஆன மாதிரி இருந்தது. என் இன்ஜின் துடிக்கிறது, என் நெஞ்சு துடிக்கிறது, பின்னாடி அவங்க மூச்சு, எல்லாம் தனித்தனியா கேக்குது. அவங்க கை என் இடுப்பை இறுக்கலை, சும்மா இருந்துச்சு. பால் வண்டி போயிடுச்சு. கிளட்சை மெதுவா விட்டேன். வண்டி சாய்ஞ்சது, நானும் சாய்ஞ்சேன், அவங்களும் கூடவே சாய்ஞ்சாங்க. மரத்துலேர்ந்து தண்ணி சொட்டு சொட்டா கையில விழுந்துச்சு. அவ்வளவுதான். ரோடு நேரா ஆயிடுச்சு, தூரத்துல சர்ச் கோபுரம் தெரிஞ்சது.

"இந்த ரோட்ல இவ்வளவு பூ விழுமா?"ன்னு பின்னாடிலேர்ந்து கேட்டாங்க. அழுதுகிட்டே ஓட்டினேன்.

சர்ச்சுக்குள்ள எல்லாரும் இருட்டுல நின்னுகிட்டு இருந்தாங்க. ஆராதனை ஆரம்பிக்க வேண்டிய நேரம் தாண்டியாச்சு, ஒரு குழந்தை சிணுங்குது, கொயர் மாஸ்டர் வாசலுக்கும் உள்ளேயுமா நடக்கிறார். அக்கா ஹெல்மெட்டை என் கையில திணிச்சுட்டு, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு உள்ளே போனாங்க. நான் அங்கியை மாட்டிக்கிட்டு என் வரிசைக்கு ஓடினேன். முதல் நாதம் எழும்புச்சு, லைட் எல்லாம் வந்துச்சு. பாத்தா, அக்காவோட மல்லிகைச்சரம் நசுங்கி, காதோரமா தொங்கிக்கிட்டு இருக்கு. அதைக் கூட சரி பண்ணாம வாசிக்கிறாங்க. அன்னிக்குப் பாடின மாதிரி நான் எப்பவும் பாடினதில்லை. ஆல்டோ இறங்கலை.

முடிஞ்சதும் எல்லாருக்கும் பன்னும் காபியும் கொடுத்தாங்க. நல்லா விடிஞ்சிருந்தது. கொயர் மாஸ்டர் அக்காகிட்ட வந்து, "கால் வலியோட எதுக்கு கஷ்டப்படறீங்க, நம்ம கார்லயே வந்துடுங்க, வீட்ல விட்டுடறேன்"ன்னார். ஏசி கார்ங்க. முன் சீட்டு காலியா இருந்தது. நான் என் ஹெல்மெட்டைத் துடைக்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஏன்னா அவங்க கார்ல போறதுதான் நியாயம், ஆனா போயிடுவாங்களோன்னு எனக்கு அவ்வளவு தவிப்பா இருந்தது.

அக்கா காபி டம்ளரைக் கீழே வெச்சாங்க. "வேண்டாம் சார். நான் இவகூட வந்தேன், இவகூடவே போயிக்கறேன்"னு சொல்லிட்டு, என் கையில இருந்த இன்னொரு ஹெல்மெட்டை வாங்கித் தலையில மாட்டிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் நான் வலது பக்கம் எத்தனையோ தடவை திரும்பிட்டேன், மேம்பாலம், சிக்னல், மழை, லாரி எல்லாத்தையும் பாத்துட்டேன், இன்னிக்கும் நடு ரோட்ல காலை ஊன்றி நிக்கிறப்போ நெஞ்சு படபடக்கத்தான் செய்யுது. ஆனா பயந்துபோன ஒரு மனுஷி என்னை நம்பிக் கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காந்தாளே, அந்த நம்பிக்கை இன்னும் என் பின் சீட்லேர்ந்து இறங்கவே இல்லைன்னுதான் எனக்குத் தோணுது.