கண்ணாடிக்குள் தைத்த தேவதை

1. நவம்பர் முதல் வாரம், கடையின் தெருப்பக்கக் கண்ணாடிக்குள் ஒரு நாற்காலி போட்டார்கள்.
2. என் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.
3. தையல் மெஷின் வேண்டாம் என்று கையில் ஊசியைக் கொடுத்தார்கள்.
4. நான் உட்கார்ந்தேன்.

துணி வெட்டும் அறையில் பேட்டர்ன் என்னும் வெட்டு வரைபடம் போடும் வேலை என்று சொல்லித்தான் முதலாளியம்மா என்னை ஜெர்மனிக்கு அழைத்து வந்தார். ஐந்து மாதம் பின்னறையில் விலைச்சீட்டு ஒட்டினேன். இப்போது கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் துணித் தேவதை தைக்கிறேன். ஒரு சாண் உயரம், வெள்ளை முகம், மஞ்சள் நூல் முடி, முதுகில் இரண்டு இறக்கை. மெஷினில் முக்கால் மணி நேர வேலை. கையால் ஒரு பகல் முழுக்க ஆகிறது. அதுவும் போதாதென்று முதலாளியம்மா வந்து "லாங்சாம், லாங்சாம்" என்கிறார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். வெளியே பனியில் நிற்பவர்கள் பார்ப்பது பொம்மையை அல்ல.

இதே பொம்மையை இந்தக் கடைக்காகவே மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், சித்திரை வெயிலில் தைத்தோம். பாலிடெக்னிக்கில் தையல் டிப்ளமா முடித்த நான் அளவு பார்ப்பேன். அத்தை மகள் செல்வி மெஷினில் இருப்பாள். என்னை வளர்த்த அந்த அத்தை, மீன் விற்ற கூடையோடு ஒருநாள் உள்ளே வந்து பொம்மையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கோயி மாதிரி றெக்க வெச்சிகினு கீது?"

"தேவதை, அத்தை. ஜெர்மன்காரங்க பண்டிகைக்கு."

"அதுக்கு றெக்க கீது, பறந்து போவுது. நீ எதுக்குடி கூடவே போறேன்னு நிக்கிற?"

"அக்கா அங்க போயி கத்திரி புடிக்கப் போவுதும்மா," என்றாள் செல்வி. "உன்னாட்டம் செதிலு சொரண்டவா போவுது?"

அத்தையை யாரும் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது. கரையில் மீன் கூறு போடும்போது கேமராவைத் தூக்கும் வெளிநாட்டுக்காரரிடம், "இன்னா தொர, மீனு வாங்க வந்தியா, மூஞ்சி வாங்க வந்தியா?" என்பாள். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் கேமரா இறங்கிவிடும். எனக்கு இங்கே கொஞ்சம் ஜெர்மன் தெரியும். கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்க்கும் குழந்தைக்குக் கையாட்டுவதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

வெட்டும் அறைக்குப் போக ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்தப் பொம்மைக்குத் தலைப் பாரம் தாங்காமல் கழுத்து மடிந்துவிடும். கழுத்தையும் உடலையும் ஒரே துண்டாக வெட்டினால் நிமிர்ந்து நிற்கும். மில்லிமீட்டர் கணக்கில் வரைந்து, தையல் விளிம்பு, பஞ்சின் எடை எல்லாம் குறித்து முதலாளியம்மாவிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஷோன்," என்றார். அழகு. மறுநாள் காலை அந்த வரைபடம், தங்க ரிப்பன் கட்டி, என் நாற்காலிக்குப் பின்னால் அலங்காரமாகத் தொங்கியது. வெட்டும் அறையில் பழைய பேட்டர்னே ஓடியது. "வெட்டுவதற்கு ஆள் இருக்கிறது," என்றார். "உன்னைப் போல உட்கார ஆள் இல்லை."

அந்த வாரமும் ஊருக்கு எழுதினேன், வெட்டும் அறையில் நன்றாக இருக்கிறேன் என்று. ஜனவரியில் பதில் வந்தது. அத்தை சொல்லச் சொல்லச் செல்வி எழுதியது: "நீ கத்திரி புடிச்சிகினு நாலு பேர வேல வாங்கறேன்னு செங்கல்பட்டு மார்க்கெட்டு வரிக்கும் சொல்லிட்டேன் கண்ணு. இந்தச் செல்வி இங்க இன்னாத்துக்கு? உன்னாண்ட கூப்டுக்கோ." அதே வாரம் முதலாளியம்மா கேட்டார்: ஈஸ்டருக்கு முயல் பொம்மை, கண்ணாடிக்குள் இன்னொருத்திக்கு இடம் இருக்கிறது, உனக்குத் தங்கை யாராவது உண்டா?

இரண்டு பேரும் ஒரே பெண்ணைத்தான் கேட்கிறார்கள்.

இன்றைய நிலை இது. இரண்டாவது நாற்காலி வந்துவிட்டது. செல்வி பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துவிட்டாள். அழைப்புப் படிவத்தில் அவள் பெயரை எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போடவில்லை. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று இன்னும் ஊருக்கு எழுதவுமில்லை.