அத்தையின் செவ்வாயில் விழுந்த பனி

எங்கள் அத்தைக்குச் செவ்வாய் இருந்தது. அது பெருமைக்குரிய விஷயம் என்றுதான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நான் நினைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர்களுக்கு மேலநீலிதநல்லூரில் நிலம் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அம்பாசடர் கார் இருந்தது, எங்கள் அத்தைக்குச் செவ்வாய் இருந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர்கள் ஏன் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பது விளங்கவில்லை. சத்தம் போட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பதால் இருக்கும் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் பியூசி முடித்தவள். அதற்குமேல் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் கிடைக்கவில்லை. ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் செவ்வாய் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். அந்தத் தோஷம் உள்ள பெண்ணுக்கு அதே தோஷம் உள்ள மாப்பிள்ளைதான் பொருந்தும், மற்றவனைக் கட்டினால் அவன் உயிருக்கே ஆகாது என்று எல்லோரும் நம்பினார்கள். வந்த வரன்கள் வந்த சூட்டோடு திரும்பிப் போயின. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு புற்றுமண்ணைக் கரைத்துக் குடிக்காமல் இருப்பார்களா? அதையும் செய்தார்கள். செவ்வாய் அசையவில்லை.

கடைசியில் அப்பா ஒரு ஜோசியரைப் பிடித்தார். அவர் புது ஜாதகம் எழுதி, செவ்வாயை ஏழாம் வீட்டிலிருந்து ஆறாம் வீட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். அமெரிக்காக்காரன் செவ்வாயில் விண்கலத்தை இறக்கிப் படம் எடுத்து முடித்திருந்த காலம் அது. அவனால்கூட அதை நகர்த்த முடியவில்லை. எங்கள் ஊர் ஜோசியர் காபி ஆறுவதற்குள் நகர்த்தினார்.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. “பொய்யச் சொல்லி ஒரு வீட்டுக்குள்ள போயி, எந்நேரமும் பயந்துக்கிட்டே கெடக்கச் சொல்லுதியா அண்ணே?” என்று கேட்டாள்.

“நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்” என்றார் அப்பா. அத்தை அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை.

அப்பா வீட்டின் முன்பக்கத்தில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்று பலகையில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு சுற்று மிஷினும் கோலி பாட்டில்களும் ஒரு கேஸ் சிலிண்டரும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. ஆளுக்கு ஒன்று செய்துகொண்டு போக வேண்டும். எல்லோரும் எரிமலை செய்தார்கள். எனக்கு அத்தை செவ்வாயின் துருவத்தைச் செய்து தருவதாகச் சொன்னாள்.

வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். சிவந்த தரையில் கற்கள், கற்களின் நிழலில் வெள்ளையாகப் பனி. படத்தைக் காட்டி அத்தை எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். செவ்வாயின் காற்று வேறொன்றுமில்லை, நாம் சோடாவில் ஏற்றும் அதே கேஸ். துருவத்தில் குளிர்காலம் வந்தால் அந்தக் காற்றே உறைந்து பனியாகத் தரையில் படியும். வெயில் வந்தால் அந்தப் பனி உருகாது, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் ஆவியாகப் போய்விடும். அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் திரும்பவும் படியும். அங்கே ஒரு வருஷம் என்பது நமக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்தேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பா, “அங்க கம்பெனி போட்டா கேஸ் செலவு மிச்சம்” என்றார்.

எங்கள் பக்கத்துக் கரிசலைக் கொட்டினால் அது செவ்வாய் ஆகாது. சோடா வண்டிக்காரர் புளியங்குடிப் பக்கமிருந்து ஒரு சாக்கில் செம்மண் கொண்டுவந்தார். பித்தளைத் தாம்பாளத்தில் அதைப் பரப்பி, சரளைக்கல் பதித்தோம். கண்காட்சிக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள். அன்றைக்குத்தான் ராயகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பெண் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்று அப்பா சம்மதித்தார். சிலிண்டரைத் தலைகீழாகச் சாய்த்து, அதன் வாயில் பழைய ஜமுக்காளத்தைப் பைபோல மடித்துக் கட்டித் திருகைத் திறந்தார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சீறல். பையை அவிழ்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று பனி.

“தொட்டேன்னா விரல் வெந்துரும்” என்று அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். குளிர்ந்தது எப்படிச் சுடும் என்று நான் கேட்கவில்லை. பனியை உமி நிரப்பிய பெட்டியில் வைத்தோம்.

மாப்பிள்ளை கரண்ட் ஆபீசில் வேலை பார்ப்பவர். அவருடைய அம்மா, அப்பா, அவர் என்று மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குக் கேசரி வைத்தோம், அப்பா தன் கையாலேயே பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார். அத்தை வந்து கும்பிட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த என்னிடம் தாம்பாளத்தைக் கொடுத்து, பெட்டியிலிருந்த பனியைக் கரண்டியால் அள்ளித் தூவினாள்.

“கொண்டுபோயி எல்லாருக்கும் காட்டு. படிச்சத அப்படியே சொல்லு. என்ன கேட்டாலும் ஒளிக்காமச் சொல்லணும், சரியா?”

நான் புகை பறக்கும் தாம்பாளத்தோடு நடுவீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இது என்னட்டி அதிசயம்?” என்றாள்.

“செவ்வாய்” என்றேன்.

அப்பாவின் கையிலிருந்த பாட்டிலில் கோலி ஒருமுறை உருண்டது. நான் மனப்பாடம் செய்திருந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மாப்பிள்ளை மட்டும் குனிந்து தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்கடியில் மண் அங்கங்கே துள்ளித் தெறித்தது. செவ்வாயின் தென்துருவத்தில் வசந்தம் வரும்போது பனிக்கடியில் வாயு அடைபட்டு, வெடித்து, தூசியைத் தூக்கி எறியும் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். அன்றைக்குத் தாம்பாளத்தில் எறும்பு கிடக்கிறதோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

“இவ்வளவும் யாரு சொல்லித் தந்தா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“எங்க அத்தை. அவளுக்குச் செவ்வாய் இருக்குல்லா!”

நான் எதிர்பார்த்த கைதட்டல் வரவில்லை. மாப்பிள்ளை தாம்பாளத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “எனக்கும் இருக்கு” என்றார்.

“ஏலே, நீ சும்மா கெட!” என்று அவருடைய அம்மா அதட்டினாள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அவர்கள் வீட்டிலும் ஒரு ஜோசியர் செவ்வாயை நகர்த்தியிருந்தார்.

“இருக்கத மறைச்சுப் பொண்ணு குடுக்கப் பாத்தியளே அண்ணாச்சி, இது நாயமா?” என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். “நீங்க மட்டும் தெறந்தா காட்டுனிய?” என்று எங்கள் அப்பாவும் எழுந்தார். தோஷத்துக்குத் தோஷம் சரியாகப் போயிற்று, உண்மையைச் சொல்லியிருந்தால் ஊரிலேயே இதைவிட நல்ல பொருத்தம் கிடையாது என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு செவ்வாயும் பொருந்தின. இரண்டு பொய்தான் பொருந்தவில்லை. கேசரி பாதியில் கிடக்க அவர்கள் கிளம்பினார்கள்.

மாப்பிள்ளை கடைசியாக எழுந்தார். தாம்பாளத்தில் பனி தீர்ந்திருந்தது. ஒரு விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். அடுக்களை வாசலில் அத்தை நின்றிருந்தாள்.

“கொஞ்சங்கூட ஈரமே இல்ல” என்றார்.

“உருகாது. நேரே ஆவியாப் போயிரும்” என்றாள் அத்தை.

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. வாசலிலிருந்து அவருடைய அம்மா கூப்பிட்டாள், அவர் போய்விட்டார்.

சின்னப்பிள்ளை என்று என்னை விட்டுவிட்டார்கள். அப்பாவின் கோபமெல்லாம் செவ்வாயின் மேல் திரும்பியது. இனி அந்தப் பேச்சே வீட்டில் கூடாது, சிலிண்டரைத் தொடக் கூடாது என்றார். கொஞ்ச காலம் செவ்வாய்க்கிழமையைக்கூடத் ‘திங்களுக்கு மறுநாள்’ என்றே சொன்னார். கண்காட்சியில் பனிக்குப் பதிலாகக் கோலப்பொடியைத் தூவிவைத்தேன். சாயங்காலம் வரைக்கும் மறையவே மறையாத பனி. பரிசு எரிமலைக்குப் போனது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தை. கொல்லையில் கேசரித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த அத்தை, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“ஏட்டி, போன பனி திரும்ப வருமா?”

மறுநாளுக்காக என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். “வரும். அதே எடத்துல வந்து படியும்.”

“எப்போ?”

“அங்க ஒரு வருஷம் கழிச்சு. நமக்கு ரெண்டு வருஷம்.”

“சரியாச் சொல்லுத” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டாள். நான் மறுபடியும் சொன்னேன். பதிலைச் சொல்லிக்கொடுத்தவளே எதற்கு இத்தனை தடவை கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அதன்பிறகு திருவேங்கடத்திலிருந்து ஒரு வரன் வந்தது, அத்தை மாட்டேன் என்றாள். இன்னொன்று வந்தது, அதையும் மாட்டேன் என்றாள். திமிர் என்றார்கள், படித்த கொழுப்பு என்றார்கள். அப்பா அவளிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அத்தை பாட்டில் கழுவினாள், கணக்கு எழுதினாள், எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, தை மாதத்து மத்தியானம் ஒன்றில் கம்பெனி வாசலில் ஒருவர் வந்து சைக்கிளை நிறுத்தினார். அப்பா அடையாளம் தெரியாமல் ஒரு சோடாவை உடைத்து நீட்டினார். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கூட அவருடைய அம்மா இல்லை, அப்பா இல்லை. கையில் ஜாதகமும் இல்லை. சோடாவைக் குடிக்காமலே வைத்துக்கொண்டு, “வீட்டுல இருக்காவளா?” என்று கேட்டார்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். இவ்வளவு தூரம் செவ்வாயைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார், நேற்றோடு சிலிண்டர் காலி என்பது எனக்குத்தானே தெரியும். “அத்தை, ராயகிரி மாமா வந்திருக்கு. இப்பப் பாத்து, காட்டுறதுக்குப் பனி இல்லியே!” என்றேன்.

அத்தை முந்தானையில் கையைத் துடைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பனி இல்லாததற்கு இவ்வளவு வருத்தப்பட வேண்டாம், சாயங்கால வண்டியில் புதுச் சிலிண்டர் வந்துவிடும் என்று நான் அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.