வலிப்பு வந்த கையில் வெட்டுக் கத்தி

எழுபதுகளில் தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை மர நிரையிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது எங்கள் லயத்து வீடுகளில் வேதவாக்கு. கூட வேலை செய்த அக்கா சாவி தேடியிருக்கிறார். ரப்பர் காட்டில் சாவிக்கு எங்கே போவது? என் வெட்டுக் கத்தியையே என் கையில் திணித்துவிட்டார். நினைவு வந்தபோது உள்ளங்கை கிழிந்து கிடந்தது.

தையல் போட்ட யாழ்ப்பாணத்து டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். "இது மூளை நரம்பில வாற கோளாறு, பிள்ளை. இரும்பு ஒண்டும் செய்யாது. ஒருக்களிச்சுப் படுக்க வைச்சாப் போதும்," என்றார்.

அம்மாவுக்கு வேறு கவலை. "வெளிய சொல்லாத லா. அப்புறம் யாரு உன்னைக் கட்டுவா?"

"சொல்லலேன்னா மறுபடியும் கத்திதாம்மா கைக்கு வரும்," என்றேன்.

பிறகு ஈப்போவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே எல்லாரிடமும் சொன்னேன்: "எனக்கு வலிப்பு வரும். விழுந்தா கத்தரிக்கோலைத் தள்ளி வச்சிட்டு, என்னை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன். காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டேன். பக்கத்துச் சிலிபினிலிருந்து பெண் பார்க்க வந்த ஒருவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"எந்தப் பக்கமா ஒருக்களிக்கணும்?" என்று கேட்டார்.

அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.