பில் போடும் அக்காவின் அதிகாரம்

திசையன்விளையில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கு. அதன் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், பாளையங்கோட்டையில் இருந்தபடியே. அங்கே சர்வரில் உட்கார்ந்து பில் போடும் உவரிக்கார அக்கா, “அண்ணாச்சி, டி டிரைவுல சேவ் ஆக மாட்டேங்கு” என்று அடிக்கடி போன் செய்வார். வெயிலில் பைக் ஓட்டிப் போக எனக்கு உடம்பு வணங்காது. ஒருநாள், டி டிரைவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டேன். போன் நின்றது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அதே டிரைவில் ‘ஐஸ் பிளான்ட்’ என்றொரு ஃபோல்டர். குளிரறையில் சூடு ஏறினால் எங்களுக்கு மெசேஜ் அனுப்பும் புரோகிராம் அதற்குள் இருந்தது. சர்வர் ஆன் ஆனதும் தானே ஓடும் சர்வீஸாக அதைப் பதிந்து வைத்த மேதையும் நான்தான்.

ஒருநாள் காலையில் கரண்ட் போய் வந்தது, சர்வரும் அணைந்து எழுந்தது. மத்தியானம் அக்காவின் போன்.

“கதவு மீட்டர்ல மைனஸ் பதினெட்டு இருக்கணும், மைனஸ் எட்டு காட்டுது. ஒரு மெசேஜும் வரலையே!”

நான் போய்ச் சேர்வதற்குள் அவரே ஆளைக் கூப்பிட்டு, நின்றுபோன கம்ப்ரஸரை ஓட வைத்து, இறாலைக் காப்பாற்றியிருந்தார்.

சர்வரைத் துழாவினேன். முந்தின நாள் அக்கா, படகுகளுக்கு ஐஸ் கணக்குப் போடும் குட்டி புரோகிராம் ஒன்றை ‘ஐஸ்’ என்ற பெயரில் டி டிரைவில் போட்டிருந்தார். எச்சரிக்கை புரோகிராம் எங்கே இருக்கிறது என்று காட்ட நான் பதிந்த பாதையில் ‘ஐஸ்’ஸுக்கும் ‘பிளான்ட்’டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது, சுற்றிலும் மேற்கோள் குறி இல்லை. அப்படியிருந்தால் விண்டோஸ் முதல் இடைவெளியிலேயே நின்று, ‘ஐஸ்’ என்று ஒரு புரோகிராம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதைத்தான் ஓட்டும். ஓட்டியது. எச்சரிக்கை புரோகிராம் எழவேயில்லை.

அக்கா யோசித்தார். “வேற எதையாவது அந்தப் பேர்ல போட்டாலும் ஓடுமோ?”

“ஓடும்.”

“என் அதிகாரத்துலயா, ஒங்க அதிகாரத்துலயா?”

“என்னையவிடப் பெரிய அதிகாரத்துல. சிஸ்டத்தோட அதிகாரம்.”

“ஆத்தாடி! அப்போ இத்தன நாளா நாந்தான் இங்கன பெரிய ஆளா?”

அதற்குள் எங்கள் பேச்சைக் கேட்டபடியே முதலாளி வந்துவிட்டார். “எம்மா, உன்ன யாரு அதக் கொண்டு அங்கன போடச் சொன்னா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராண்டாம்.”

அக்காவின் முகம் சுண்டிப்போனது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஒரு நிமிடம் மூடிக்கொண்டும் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“அண்ணாச்சி, அவுங்க மேல தப்பில்ல. பாதைய ஒழுங்காப் பதியாததும் நாந்தான், எல்லாருக்கும் அனுமதி கொடுத்ததும் நாந்தான். அவுங்க பாக்கலைன்னா இறால் போயிருக்கும்.”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பொறவு எதுக்குவே மாசாமாசம் பாஸ்வேர்ட மாத்து, பாஸ்வேர்ட மாத்துன்னு உசுர வாங்குதீரு?”

திட்டியதோடு விட்டார். அக்காவுக்கு வேலை இருந்தது. எனக்கும்.

அன்றே மேற்கோள் குறி போட்டேன், பில் ஃபோல்டருக்கு மட்டும் விட்டுவிட்டு மற்ற அனுமதியைப் பிடுங்கினேன். ராதாபுரத்தில் நான் வேலை செய்த இடத்திலும் இதே கோளாறு; அங்கேயும் என் கைவரிசைதான். இப்போது எந்த சர்வீஸைப் பதிந்தாலும் அக்காவைத்தான் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

“அந்தப் பேர்ல ஒண்ணப் பைய போட்டுப் பாருங்கக்கா.”

“போட விட மாட்டேங்கு, அண்ணாச்சி.”

எந்தப் புகாருக்குப் பயந்து அனுமதியை அள்ளிக் கொடுத்தேனோ, அதைக் கேட்டால்தான் இப்போது மதியச் சோறு இறங்குகிறது.